போனில் நீ, நேரில் நீங்க

1

முருகன் புண்ணியத்தில் நேற்று என் பெயர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டது. மகள் கார்த்திகாவின் போனுக்குத்தான் செய்தி வந்தது. அவளே வாசித்துக் காட்டினாள். குடும்பத் தலைவர் என் மனைவி செல்வி. அடுத்தது மகள். மூன்றாவதாக நான், சுப்பிரமணி. உறவுமுறை என்ற இடத்தில் ‘கணவர்’ என்று போட்டிருந்தது.

“பரவால்லயே, கல்யாணம் ஆகி இருவத்திநாலு வருசம் கழிச்சு கவர்மெண்டு ஒத்துக்கிருச்சு” என்றாள் செல்வி.

நான் மஸ்கட்டை விட்டு ஊருக்கு வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். இருபத்தோரு வருடம் அங்கே ஒரு ரொட்டிக் கம்பெனியில் குப்பூஸ் அடுப்பில் நின்றேன். குப்பூஸ் என்பது அரபு நாட்டு ரொட்டி, நம் சப்பாத்தியைவிடக் கொஞ்சம் உப்பலாக இருக்கும். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். வீட்டுக்குக் கடிதம் எழுதி எழுதித்தான் கை பழகியது. அறையில் கூட இருந்த தம்பிமார் போன் போடும்போதெல்லாம் கேட்பார்கள்: “அண்ணே, ஊருக்கு ஒரேடியாப் போனா எப்படி இருக்கும்? எழுதிப் போடுங்கண்ணே.” அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊரிலேயே இருப்பவர்களும் படிக்கட்டும். திரும்பி வந்தவன் ஏன் சொந்த வீட்டில் இப்படி முழிக்கிறான் என்று அவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கும்.

கார்டில் பெயர் ஏற இரண்டு முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை ஏறாமல் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நான்தான் காரணம். அன்றைக்கு என் பெயரைவிடப் பெரிய காரியம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2

நான் விமானம் ஏறியபோது கார்த்திகாவுக்கு ஐந்து மாதம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அப்படிப் பத்து லீவு வந்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஒரு வருடமும் மூன்று மாதமும்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் குரல்.

அடுப்பு வேலை விடியுமுன் தொடங்கி மதியத்தோடு முடியும். தூங்கி எழுந்து குளித்துவிட்டு, கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்த பழனியாண்டவர் படத்தின் முன் நின்று திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுவேன். அங்கே ஆறரை என்றால் இங்கே எட்டு. முதலில் கார்டு போட்டுப் பேசும் பெட்டி, பின்னால் செல்போன். முகம் பார்த்துப் பேசும் வசதி அங்கே லேசில் கிடைக்காது. சிலர் ஏதேதோ ஆப் போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அது கைவரவில்லை. காது போதும் என்று இருந்துவிட்டேன்.

செல்வியிடம் “என்ன வெஞ்சனம்?” என்று கேட்பேன். அவள் கத்திரிக்காய் என்றோ கருவாடு என்றோ சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை போனைப் பிடுங்கிவிடுவாள். அப்புறம் அவள் ராஜ்ஜியம். டீச்சர் திட்டியது, தோழி கோபித்துக்கொண்டது, தண்ணீர் லாரி வராதது, எல்லாம் வரும். வாப்பா, போப்பா, நீ ஒரு லூசுப்பா என்றுதான் பேச்சு. நான் “சரி தாயி, வச்சிரட்டா?” என்பேன். “வச்சிராத, இன்னொன்னு இருக்கு” என்பாள். மறுபடி கேட்பேன், மறுபடி இன்னொன்று இருக்கும். மூன்றாவது ‘வச்சிரட்டா’வுக்குத்தான் விடுவாள்.

அவள் பெரியமனுஷி ஆனபோது சடங்கையும் நான் போனில்தான் கேட்டேன். செல்வியின் அண்ணன் பெரியசாமி, ஆட்டோ ஓட்டுகிறவர், போனை மணைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குலவைச் சத்தமும் மைக்செட்டும் சேர்ந்து இரைந்தன. கடைசியில் அவள் வந்தாள்.

“அப்பா, சேல ரொம்பக் கனம்ப்பா. நகர முடியல. நீ எங்க நிக்கிற?”

“மாவு மூட்டைக்குப் பக்கத்துல தாயி.”

“நானும் இங்க மூட்ட மாதிரிதான் ஒக்காந்திருக்கேன்.”

இப்படிப் பேசுகிற பிள்ளை, லீவில் வந்து நிற்கும்போது மட்டும் “வாங்கப்பா, சாப்பிடுறீங்களா?” என்பாள். முதல் தடவை அப்படிக் கேட்டபோது, எனக்குப் பின்னால் வேறு யாரும் வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். அது கூச்சம், பழகினால் போய்விடும் என்று செல்வி சொல்வாள். பழகி வரும்போது லீவு முடிந்துவிடும். நான் மஸ்கட்டில் இறங்கிப் போன் போட்டால் மறுபடி “சொல்லுப்பா, நீ சாப்ட்டியா?”

போனில் நீ, நேரில் நீங்க. இந்த முறை ஒரேடியாக வந்துவிட்டால் அந்த ‘ங்க’ ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும் என்று நம்பினேன்.

3

வந்த மூன்றாம் நாள் மூவரும் பழனிக்குப் போனோம். முடி இறக்கினேன். சந்நிதியில் என்னை அடக்க முடியவில்லை. வாய்விட்டே சொன்னேன்: “முருகா, கொண்டுவந்து சேத்துட்ட. இனி என் வீட்டுல ஒரு உசுரு கடல் தாண்டக் கூடாது. அப்படி நீ வச்சிருந்தா, வருசா வருசம் வந்து முடி எறக்குறேன்.”

பக்கத்தில் நின்ற கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது அவள் நர்சிங் படிப்பை முடித்துவிட்டு இங்கே திண்டுக்கல் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாகல் நகரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை உண்டு. அந்த அறைக்குத் தரை என்ன நிறம் என்பதைக்கூட நான் மஸ்கட்டிலிருந்து போனில்தான் சொன்னேன். அது அவள் அறை. டூட்டி முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ சத்தமாகப் படிப்பாள். தொண்டையைச் செருமுவது போல ஒரு பாஷை. செல்வியிடம் கேட்டால், “நர்ஸ் பாடம்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விடுவாள்.

நான் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று தெரியாது. கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் “அம்மா இல்லையா?” என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார். கடையில் சாமான் வாங்கி முடித்ததும் ‘போதும்’ என்பதற்குப் பதில் “கலாஸ்” என்று சொல்லிவிடுவேன். மச்சான் பெரியசாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டோவை நிறுத்தி, “என்ன மாப்ள, எப்பப் பயணம்?” என்று கேட்பார். பயணம் இல்லை மச்சான், வந்தாச்சு என்றால், “அதான் தெரியுமே. எப்பப் பயணம்?” என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

ஒருநாள் சாயங்காலம் மகள் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தவிப்பு.

“டூட்டி எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்கப்பா.”

“சாப்ட்டியா?”

அவள் கையில் இருந்த இட்லியைப் பார்த்தாள். “சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்ப்பா.”

“என்ன வெஞ்சனம்?”

“தக்காளிச் சட்னிங்கப்பா. நீங்களும் அதான சாப்பிடுறீங்க.”

எனக்கு மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. என்னை அறியாமல், “சரி தாயி, வச்சிரட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

செல்விக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். கார்த்திகாவும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். “சரிங்கப்பா” என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இருபத்தோரு வருடத்தில் முதல் முறையாக ஒரே ‘வச்சிரட்டா’வுக்கு விட்டுவிட்டாள்.

அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் விழுந்தது. தூரத்தில் இருந்தபோது இருந்த மகளை, கிட்டே வந்து தொலைத்துவிட்டேனோ என்று. தினமும் காலையில் விளக்கேற்றும்போது வேறெதையும் கேட்கவில்லை. “முருகா, என் பிள்ள என்கிட்ட பேசணும்” என்று மட்டும் கேட்டேன்.

4

பத்து மாதம் இப்படியே போனது. ரேஷன் கார்டு மாற்றிய காலத்தில் நான் ஊரில் இல்லாததால் என் பெயர் விட்டுப்போயிருந்தது. சேர்த்துவிடுங்கள் என்று செல்வி பிடித்துத் தள்ளியதால் ஒருநாள் இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பொண்ணு சுறுசுறுப்பான பிள்ளை.

“வேற எந்தக் கார்டுலயாச்சும் பேர் இருக்காங்கய்யா?”

“எதுலயும் இல்லம்மா.”

“அப்ப இத்தன வருசம் எங்க சாப்ட்டீங்க?”

“மஸ்கட்ல. வேணும்னா பத்தாக்கா வச்சிருக்கேன், காட்டவா?” அங்கே அடையாள அட்டைக்குப் பத்தாக்கா என்று பெயர். காலாவதியானதை இன்னும் பையில் வைத்திருந்தேன்.

அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். “பட்டாக்கத்தியா?”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் பையைப் பார்த்தார்கள். நான் அட்டையை எடுத்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு ஆதாரை வாங்கி எல்லாம் தட்டிவிட்டு, “கார்டுல இருக்க போன் நம்பருக்கு ஓடிபி போயிருக்கு, நம்பர் சொல்லுங்க” என்றாள். கார்டில் இருந்தது கார்த்திகாவின் நம்பர்.

வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குப் போன் என்று, ஊருக்கு வந்த பிறகு ஒருநாளும் நான் அவளைக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் செல்விதான் கூப்பிடுவாள்.

“சொல்லுப்பா.”

‘ங்க’ இல்லை. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“அப்பா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் தாயி. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்ப்பா. இப்பத்தான் பிரேக்கு. நீ? என்னப்பா திடீர்னு?”

“உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். ரேசன் கார்டுல என் பேர ஏத்த.”

“உன் பேரா?” அவள் சிரித்தாள். மஸ்கட் அறையில் நான் கேட்ட அதே சிரிப்பு. “இம்புட்டு நாளா நம்ம வீட்டுக் கார்டுல நீ இல்லையா? அப்ப கணக்குப்படி நீ விருந்தாளிப்பா. அதான் அம்மா உனக்கு மட்டும் ரெண்டு முட்ட போடுது.”

நானும் சிரித்தேன். டவுனில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். நம்பரைக் கேட்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு தாத்தா தினமும் அவளிடம் மட்டும்தான் ஊசி போட்டுக்கொள்வாராம், அதைச் சொன்னாள். ஏதோ பழைய நாள் திரும்பி வந்தது போல இருந்தது. அந்த நினைப்பிலேயே, “சரி தாயி, வச்சிரட்டா?” என்றேன்.

“வச்சிராதப்பா.”

 பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது.

“உன்கிட்ட ஒன்னு சொல்லணும்ப்பா. நான் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் படிச்சுக்கிட்டு இருக்கேன். அவங்க பாஷையில ரெண்டு பரீட்ச பாஸ் பண்ணிட்டேன். இன்னும் ஒன்னுதான் இருக்கு. நீ வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்.”

சாய்ந்திருந்த சுவரை விட்டு நிமிர்ந்தேன்.

“நீ வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பழனியில நீ அப்படி வேண்டிக்கிட்ட. அதுலருந்து உன் மொகத்தப் பாத்து எதப் பேசுனாலும் பொய் சொல்ற மாதிரியே இருக்குப்பா. அதான் பேசறதே இல்ல.”

“வீட்டுக்கு வா தாயி. பேசுவோம்.”

“வீட்டுக்கு வந்தா பேச முடியாதுப்பா. அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்.”

உள்ளேயிருந்து அந்தப் பொண்ணு குரல் கொடுத்தாள். “அய்யா, ஓடிபி! டைம் முடிஞ்சிருச்சு. மறுபடி முதல்லருந்து போடணும், அந்த அண்ணன் முடிச்சதும் வாங்க.”

நான் மறுபடி போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். முருகனிடம் நான் கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளை பேசிவிட்டாள்.

5

செல்விக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும்ங்க. நான்தான் சேத்துவிட்டேன்.”

“சாமி முன்னாடி நான் சொன்னது உன் காதுல விழலையா?”

“விழுந்துச்சு. நீங்க வேண்டுனீங்க. நானும் அவளும் வேற வேண்டிக்கிட்டோம். முருகனுக்கு ஒரு வீட்டுலருந்து ஒரு மனுதான் போகணும்னு இருக்கா?”

“செல்வி, நான் இல்லாம இந்த வீடு எப்படிக் கெடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நல்லாத்தான் இருந்துச்சு.” கீரைத் தண்டை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள். “உங்களுக்குத்தான் கஷ்டம். எங்களுக்குத் தெனம் எட்டு மணிக்கு நீங்க வந்துருவீங்க. எம்புட்டு அலுப்பா இருந்தாலும் ஒருநாள் தப்பாது. அவ எது செஞ்சாலும் அப்பாகிட்ட சொல்லணும்னு எட்டு மணி வரைக்கும் வச்சிருப்பா. இப்ப இருவத்திநாலு மணி நேரமும் இருக்கீங்க. ஒரு வார்த்த இல்ல.”

எனக்குச் சுருக்கென்று பட்டது. கோபம் வரவில்லை. நான் அனுபவித்தது பிள்ளைக்கு வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவள் விரும்புவதைக் கேட்டுவிட்டு வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வேண்டுதலை நினைத்தால் பயமாகவும் இருந்தது. சாமியிடம் வாக்குக் கொடுத்தவன் நான். அதை மாற்றினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். கார்த்திகாவும் மாடியை விட்டு அதிகம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் திருநீறு பூசிக்கொண்டு, செல்வியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பழனி பஸ்ஸில் ஏறினேன்.

6

பக்கத்து இருக்கையில் என் வயதுடைய ஒரு விவசாயி. தொப்பம்பட்டிக்காரர். திண்டுக்கல்லில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். மடியில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். வண்டி ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஒன்றைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

“ஏனுங்க, மலைக்குங்களா?”

“ஆமாங்க.”

“நேர்த்திக்கடனுங்களா?”

மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. “போன வருசம் ஒன்னு வேண்டுனேங்க. அத வாபஸ் வாங்கப் போறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாபஸ் வாங்கறதுக்கு அதென்னுங்க, எலெக்சன் மனுவா? ஏனுங்க, சாமி கொடுக்கலீங்களா?”

“கொடுத்தா எம் மக அழுவா. அதான்.”

“அப்ப வாபஸ் வேண்டாமுங்க. மாத்திக் கேளுங்க. நானெல்லாம் ஆடியில மழை வேணும்னு கும்பிட்டுட்டு, அறுப்பு நேரத்துல வேண்டாஞ்சாமின்னு கும்பிடறவனுங்க. இத்தன வருசத்துல நம்மளப் பத்தி அவருக்குப் பழகியிருக்காதுங்களா?”

சிரித்துக்கொண்டே பழத்தைத் தின்றோம். அவர் சொன்னது விளையாட்டாகத்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மலையேறுமுன் முடி இறக்கினேன். கேட்டதை மாற்றினாலும் கொடுக்கிறேன் என்று சொன்னதை மாற்றக் கூடாது அல்லவா. படியில் ஏறும்போதெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மஸ்கட் போனதில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வரிசையில் நின்று நின்று சந்நிதிக்கு முன்னால் வந்தால் நல்ல கூட்டம், இரண்டு நொடிகூடக் கிடைக்கவில்லை. நினைத்து வைத்த பேச்செல்லாம் போய்விட்டது.

“முருகா, எங்க இருந்தாலும் அவள நீ பாத்துக்க.”

அவ்வளவுதான். கூட்டம் என்னை வெளியே கொண்டுவந்துவிட்டது.

இறங்கி வரும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் யாரும் முருகனை நீங்க என்று கூப்பிடவில்லை. காப்பாத்துப்பா, நல்ல வழி காட்டுப்பா, நீதான் துணை என்றுதான் குரல்கள். இத்தனை படி ஏறி, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுகிறவனிடம் நீ என்கிறோம். கையெட்டும் தூரத்தில் இட்லி சாப்பிடுகிறவரிடம் நீங்க. நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து இழுத்தது.

7

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நாகல் நகர் வந்து வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது மணி ஏழு இருக்கும். போன் அடித்தது. கார்த்திகா. மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“அப்பா, எங்கப்பா இருக்க? அம்மா கடைக்குப் போகும்போது கேட்டுச்சு, பஸ்சு கெடச்சிச்சான்னு.”

மாடியில் அவள் அறையில் விளக்கு எரிந்தது. வந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்க ஆகிவிடுவாள் என்று எனக்கு ஒரு பயம்.

“வந்துக்கிட்டே இருக்கேன் தாயி.”

செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தேன்.

“மலையில கூட்டமாப்பா?”

“நல்ல கூட்டம். போன வருசம் கேட்டத மாத்திக் கேட்டுட்டேன்.”

 அவள் மெதுவாக, “என்ன கேட்ட?”

“எங்க இருந்தாலும் உன்னப் பாத்துக்கச் சொன்னேன்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனில் ஒருமுறை, மாடியிலிருந்து ஒருமுறை.

“அழுவுறியா?”

“இல்ல. சளி.”

“இங்கயே சளின்னா அங்க என்ன பண்ணுவ? ரொம்பக் குளிராமுல. குல்லா வாங்கணும்.”

அவள் அழுகையோடு சிரித்தாள். நான் எழுந்து ஒவ்வொரு படியாக ஏறினேன்.

“தாயி, அந்தப் பாஷையில நீன்னும் நீங்கன்னும் தனித்தனியா இருக்கா?”

“இருக்குப்பா. நோயாளிகிட்ட நீங்கன்னுதான் பேசணும். மாத்திப் பேசுனா பரீட்சையில மார்க் போயிரும்.”

“அப்பாகிட்ட?”

கொஞ்சம் யோசித்தாள். “நீதான்.”

நான் மேல்படிக்கு வந்துவிட்டேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலோரம் போனைக் காதில் வைத்து நின்றாள். தெருமுனையில் எந்த ஆட்டோவில் வருகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

“சரி தாயி, வச்சிரட்டா?” என்றேன்.

குரல் பின்னாலிருந்து வந்ததால் திரும்பிவிட்டாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவள் கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தலையைப் பார்த்தாள். வாய் மெல்லக் கோணி, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“வச்சிருப்பா” என்றாள்.

வைத்தேன். அவளும் வைத்தாள்.

“மறுபடி மொட்ட அடிச்சிட்டு வந்திருக்கியா நீ?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் கிடந்த புத்தகங்களை அள்ளிக் கட்டிலில் போட்டாள். “அங்கயே நிக்கிற. உள்ள வந்து உக்காருப்பா.”